செம்பருத்தி நீர், தேயிலை டிகாஷன்: கூந்தல் பற்றிய வாசகர் கேள்விகள்

வெயில் ஏறத் தொடங்கினால் செம்பருத்தியைப் பற்றிக் கேட்டு வரும் கடிதங்களும் ஏறிவிடும். இந்த இதழில் வடசென்னையிலிருந்து வந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். அவற்றில் பல, பூவைப் பற்றிய கேள்வியாகத் தொடங்கித் தண்ணீரைப் பற்றிய புலம்பலாக முடிகின்றன. புலம்பலிலும் நியாயம் இருக்கிறது.

எங்கள் வீட்டில் குடிப்பதற்கு மெட்ரோ வாட்டர், குளிப்பதற்குப் போர் தண்ணீர். தலைக்குக் குளித்தால் முடி தேங்காய் நார் போல ஆகிவிடுகிறது. பாரிமுனைக் கடை ஒன்றில் காய்ந்த செம்பருத்தி டீ என்று ஒரு பொட்டலம் வாங்கி, கொதிக்க வைத்துத் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். பாத்திரத்தில் நல்ல சிவப்பாக இருந்தது, வாளியில் இருந்த போர் தண்ணீரில் கலந்ததும் ஊதாவாகிக் கொஞ்ச நேரத்தில் அழுக்கு நிறத்துக்கு வந்துவிட்டது. கெட்டுப்போன சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்களா? வீட்டுத் தொட்டியில் பூக்கும் செம்பருத்தியையே பயன்படுத்தலாமா?
— ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

சரக்கு கெட்டுப்போனது இல்லை. செம்பருத்திக்குச் சிவப்பைக் கொடுக்கும் ஆந்தோசயனின் என்னும் நிறமி, புளிப்பான நீரில் சிவந்தும் காரத்தன்மையுள்ள நீரில் ஊதாவாகவும் பச்சையாகவும் மாறியும் தோன்றும். பள்ளிக்கூடத்து அறிவியல் பாடத்தில் செம்பருத்திச் சாற்றை நிறங்காட்டியாகப் பயன்படுத்தியது பலருக்கு நினைவிருக்கும். நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு கண்ணாடி டம்ளர்களில் ஒன்றில் மெட்ரோ வாட்டரும் மற்றதில் போர் தண்ணீரும் எடுத்து, இரண்டிலும் ஒரே அளவு பூச்சாற்றை ஒரு கரண்டி விட்டால், எதில் ஊதாவும் பச்சையும் தூக்கலாகத் தெரிகிறதோ அந்தத் தண்ணீரில் காரத்தன்மை அதிகம் என்று கொள்ளலாம். அதிலேயே நான்கு சொட்டு எலுமிச்சைச் சாறு பிழிந்தால் சிவப்பு திரும்பி வருவதையும் காணலாம். ஆனால் இந்தச் சோதனை காரத்தன்மையை மட்டுமே சொல்லும். கடற்கரையோரக் கிணறுகளில் கரிக்கும் உப்பு எவ்வளவு கரைந்திருந்தாலும் அதற்காகப் பூச்சாறு நிறம் மாறுவதில்லை.

முடி நாராவதற்கு முதல் காரணம் அந்தத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும்தான். அவை முடித்தண்டின் மேல் படிகின்றன. சோப்புப் போட்டுக் குளிப்பவர்களுக்கு சோப்புடன் சேர்ந்து கரையாத பிசுக்காகவும் ஒட்டிக்கொள்கின்றன. இவை எவ்வளவு கரைந்திருக்கின்றன என்பதைத்தான் தண்ணீரின் கடினத்தன்மை என்கிறார்கள். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தின்படி லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரையிலான கடினத்தன்மை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லையென்றால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். உங்கள் கிணற்று நீர் இதில் எங்கே நிற்கிறது என்று ஒரு முறை சோதனைச் சாலையில் கொடுத்துப் பார்ப்பது, பத்துப் பொட்டலம் பூ வாங்குவதைவிடப் பயனுள்ள செலவு. மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீருக்குள் கடல்நீர் புகுந்துவிட்டது நெடுங்காலமாகவே தெரிந்த விஷயம். அதே மீஞ்சூருக்குப் பக்கத்தில் காட்டுப்பள்ளியில், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் நிலையம் வடசென்னைக்காக 2010-ல் திறக்கப்பட்டது என்பது வேறு கதை.

ஆகவே உங்களுக்குச் சொல்லக்கூடிய முதல் யோசனை செம்பருத்தியைப் பற்றியதே அல்ல. தலைக்குக் குளிக்கும் நாளில் எல்லாவற்றுக்கும் போர் தண்ணீரையே பயன்படுத்திக்கொள்ளுங்கள். கடைசியாக ஊற்றும் இரண்டு சொம்பு மட்டும் மெட்ரோ வாட்டராக இருக்கட்டும். மூலிகை நீரையும் மெட்ரோ வாட்டரிலேயே காய்ச்சி, வாளித் தண்ணீரில் கலக்காமல் நேராகத் தலையில் ஊற்றுங்கள். போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்பது பாதி உண்மைதான்: பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும் சுண்ணாம்பு மட்டுமே நீங்கும், மற்ற உப்புகள் அப்படியே நிற்கும். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவுநீரை வீணாக்கக் கூடாது என்று குடத்தில் பிடித்துத் தலைக்குக் குளிக்கும் சிக்கனமான வீடுகள் பல உண்டு. வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் அந்த நீரில்தான் திரண்டிருக்கிறது. அதைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் பொட்டலத்துக்கு வருவோம். செம்பருத்தி டீ என்று விற்கப்படுவது பெரும்பாலும் நம் வீட்டுச் செம்பருத்திப் பூவே அல்ல. அது புளிச்சகீரை இனத்துச் செடியில், பூ உதிர்ந்தபின் காயைச் சுற்றித் தடித்து நிற்கும் சிவந்த புல்லிவட்டம். கிள்ளி வாயில் போட்டால் பல் கூசும் அளவுக்குப் புளிக்கும். அதன் கஷாயத்தின் அமிலத்தன்மை எலுமிச்சைச் சாற்றுக்குச் சற்றே குறைந்ததுதான். தொட்டிச் செம்பருத்தியின் பூவுக்கும் இலைக்கும் அந்தப் புளிப்புக் கிடையாது; அதன் சிறப்பு வழவழப்பு. இலையைத் தண்ணீரில் கசக்கினால் விரல்களுக்கு இடையே நூலாக இழுபடும் கோழை போன்ற அந்தச் சத்துதான் முடியின் மேல் மெல்லிய பூச்சாக நின்று சிக்கைக் குறைக்கிறது. பொட்டலத்துப் பூ புளிப்பால் வேலை செய்கிறது. வீட்டுப் பூ வழவழப்பால் வேலை செய்கிறது. இரண்டையும் ஒன்றென்று நினைத்துச் செய்முறையை மாற்றிக்கொள்வதால்தான் பலருக்குப் பலன் தெரிவதில்லை.

உங்கள் தண்ணீருக்குப் பொட்டலத்துச் சரக்கும் உதவும் என்பதே என் எண்ணம், ஏனெனில் காரத்தன்மையால் விரிந்து நிற்கும் முடியின் மேற்செதில்கள் மிதமான புளிப்பில் படிந்துகொள்ளும். அரை லிட்டர் கொதிக்கும் நீரில் ஒரு தேக்கரண்டி மட்டும் போட்டு, மூடி வைத்து, ஆறியபின் வெள்ளைத் துணியில் வடிகட்டி, மேலும் அரை லிட்டர் மெட்ரோ வாட்டர் சேர்த்து, ஷாம்புவை அலசி முடித்த கூந்தலில் நுனிவரை ஊற்றி, இரண்டு நிமிடம் விட்டு அலசிவிடுங்கள். கண்ணில் படக்கூடாது. தலையில் சிரங்கோ கீறலோ இருந்தால் எரியும், அப்போது தவிர்த்துவிடுங்கள். வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் தேவையில்லை.

தொட்டிப் பூ என்றால், ஐந்து இதழ் உள்ள ஒற்றை அடுக்குச் சிவப்பு எட்டுப் பத்து எடுத்து, பச்சைக் காம்பையும் நடுவிலுள்ள மகரந்தத் தண்டையும் கிள்ளிவிட்டு, ஒரு கைப்பிடி இளம் இலையுடன் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கசக்கி வடிகட்டுங்கள். நெடுநேரம் கொதிக்க வைத்தால் நிறம் மங்கிப்போகும். வழவழப்புக்குக் கசக்குவதே முக்கியம். பறிக்குமுன் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: செம்பருத்தியை மாவுப்பூச்சி எளிதில் பிடிக்கும், அதற்கு மருந்து அடித்திருந்தால் அந்தச் செடியைச் சில வாரங்கள் விட்டுவைப்பது நல்லது. துண்டில் கறை படியும். அன்றைக்குப் பழைய துண்டு போதும்.

எனக்கு டெங்கு வந்து சரியாகி இரண்டு மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்ட ஆரம்பித்தது. சீப்பிலும் தலையணையிலும் முடிதான். அத்தை சொன்னபடி செம்பருத்தி இலையும் வெந்தயமும் அரைத்துத் தேய்த்து வருகிறேன். செம்பருத்தி முடியை வளர்க்கும் என்று ஆராய்ச்சியே இருப்பதாகப் பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். உண்மையா?
— ஒரு வாசகி, காசிமேடு

ஆராய்ச்சி இருக்கிறது, அதுவும் நம் ஊரிலேயே நடந்தது. அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்து ஆய்வாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், செம்பருத்தியின் இலைச்சாறும் பூச்சாறும் வெள்ளெலிகளின் மயிர் வளர்ச்சியைத் தூண்டுவதாகவும், பூவைவிட இலைக்கு ஆற்றல் அதிகம் என்றும் கண்டார்கள். உங்கள் அத்தை பூவை விட்டு இலையை எடுத்துக்கொண்டது நல்ல தேர்வுதான். ஆனால் அந்த ஆய்வில் பயன்பட்டது பெட்ரோலிய ஈதர் என்னும் கரைப்பானில் பிரித்தெடுத்த சாறு. நாம் அம்மியில் அரைப்பதோ வெந்நீரில் ஊறவைப்பதோ அதற்கு ஈடாகாது. எலியின் தோலில் கண்டதை மனிதத் தலைக்கு அப்படியே எடுத்துச் செல்லவும் முடியாது. மனிதர்களிடம் இதை உறுதிசெய்யும் அளவுக்குச் சான்று சேராத வரையில், செம்பருத்தியை முடியை மென்மையாக்கும் பொருளாக மட்டுமே இந்தப் பகுதியில் பரிந்துரைக்கிறோம்.

உங்களுக்கு நேர்ந்திருப்பது கடுமையான காய்ச்சலுக்குப் பின் வரும் முடி உதிர்வு. சாதாரணமாக நம் தலைமுடியில் பத்தில் ஒன்பது பங்கு வளரும் நிலையிலும் மீதி ஓய்வு நிலையிலும் இருக்கும். நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு முடி உதிர்வது இயல்பு. டெங்கு, டைபாய்டு, பிரசவம், அறுவைச் சிகிச்சை போன்றவை உடலை உலுக்கும்போது வளர்ந்துகொண்டிருந்த முடியில் பெரும்பங்கு ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடுகிறது. ஓய்வுக்குப் போன முடி விழுவதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகும் என்பதால், காய்ச்சலை மறந்துவிட்ட நேரத்தில் முடி கொட்டத் தொடங்கும். வேர் சாவதில்லை. பெரும்பாலோருக்கு ஆறு மாதத்துக்குள் உதிர்வு தானாகவே அடங்கி, வகிட்டின் ஓரத்தில் குச்சி குச்சியாகப் புதுமுடி நிற்பது தெரியும்.

எத்தனையோ எண்ணெய்களுக்கும் பொடிகளுக்கும் நல்ல பெயர் கிடைத்தது இந்தக் கணக்கினால்தான். கொட்டுகிறதே என்று மூன்றாவது மாதம் ஒன்றைத் தேய்க்கத் தொடங்குகிறோம், ஆறாவது மாதம் முடி திரும்புகிறது, புகழ் தேய்த்த பொருளுக்குப் போய்ச் சேருகிறது. தேய்ப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. ஈரத் தலையை இழுத்துச் சீவாமல், விழுதைத் தலையில் காயவிடாமல், இருபது நிமிடத்தில் அலசிவிட்டால் அதனால் கெடுதல் இல்லை.

வயிற்றுக்குள் போவதைத்தான் கவனிக்க வேண்டும். காய்ச்சலில் உடல் இளைத்திருக்கும். புரதமும் இரும்பும் தேவை. காசிமேட்டில் இருந்துகொண்டு நெத்திலிக்கும் மத்திக்கும் நீங்கள் அலைய வேண்டியதில்லை. முருங்கைக்கீரையும் முட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டவுடன் டீ குடிக்கும் பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் தலைக்கு ஊற்றினால் மினுமினுப்பைத் தரும் அதே தேயிலைத் துவர்ப்பு, வயிற்றில் உணவின் இரும்புச் சத்தை உடல் ஏற்கவிடாமல் தடுக்கிறது. ஆறு மாதம் தாண்டியும் உதிர்வு நிற்கவில்லை என்றாலோ, வகிடு அகன்றுகொண்டே போனாலோ, ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துக்கொள்வது அவசியம். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து அதிகத் தொலைவும் இல்லை.

நரை மறையத் தேயிலை டிகாஷன் ஊற்றலாம் என்கிறார்களே, பலிக்குமா? சாயம் அடிக்க எனக்கு விருப்பமில்லை. ரோஸ்மேரி டீ பற்றியும் சொல்லுங்கள். மகன் அதை ஒரு புட்டியில் வைத்து முன்வழுக்கையில் தினமும் தெளித்துக்கொள்கிறான்.
— ஒரு வாசகர், பெரம்பூர்

டிகாஷன் நரையை மறைக்காது. வெள்ளியைப் பழுப்பாக்கிக் காட்டும், அதுவும் இரண்டொரு குளியலுக்குத்தான். கால் லிட்டர் நீரில் மூன்று தேக்கரண்டித் தேயிலைத் தூளைப் பாதியாகச் சுண்டவிட்டு, ஆறியபின் சுத்தமான தலையில் ஊற்றி அரைமணி நேரம் விடுங்கள். பாலும் சர்க்கரையும் சேர்க்காத டிகாஷன் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன். ஆனால் மீந்துபோன டீயை ஊற்றிக்கொண்டதாக ஒருவர் எழுதியிருக்கிறார். இரும்புச் சட்டியில் காய்ச்சினால் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து நிறம் கருக்கும். மருதாணி விழுதை டிகாஷனில் குழைத்து இரும்புச் சட்டியில் ஊறவிடும் வழக்கத்தின் சூட்சுமமும் இதுவே. கருப்பு மருதாணி என்று விற்கும் பொடிகளிடம் எச்சரிக்கையாக இருங்கள்: கலப்பில்லாத மருதாணி செம்பழுப்பைத் தருமே தவிர ஒரு மணி நேரத்தில் கருப்பாக்காது. அப்படிக் கருப்பாக்கினால் அதில் பி.பி.டி. என்னும் இரசாயனச் சாயம் இருக்கக்கூடும், அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு முகமே வீங்கிவிடும். எந்தப் பொடியானாலும் காதின் பின்புறம் சிறிது தடவி இரண்டு நாள் பார்த்த பிறகே தலைக்குப் போடுங்கள்.

ரோஸ்மேரிக்கு இவ்வளவு புகழ் வந்ததற்கு 2015-ல் ஈரானில் நடந்த ஓர் ஆய்வு காரணம். பரம்பரை வழுக்கை உள்ள நூறு பேரில் ஒரு பாதியினர் ரோஸ்மேரி எண்ணெயையும் மறு பாதியினர் இரண்டு சதவீத மினாக்ஸிடில் என்னும் வழுக்கை மருந்தையும் ஆறு மாதம் தடவினார்கள். முடிவில் இரு தரப்பினருக்கும் முடி எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றுபோலக் கூடியிருந்தது, மூன்றாம் மாதத்தில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. சோதித்தது எண்ணெயை; உங்கள் மகன் தெளிப்பது இலை ஊறிய நீர். அதில் எண்ணெயின் பங்கு மிகச் சிறிதே இறங்கும். தெளித்துக்கொள்ளட்டும், ஆனால் வயது இருக்கும்போதே தோல் மருத்துவரைப் பார்ப்பதை அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். பரம்பரை வழுக்கையில் போன முடியைத் திரும்பக் கொண்டுவருவதைவிட இருப்பதைக் காப்பது எளிது.

காலை ஏழு மணிக்கே மின்சார ரயிலைப் பிடிக்க ஓட வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகச் செம்பருத்தி நீர் காய்ச்சி வாரம் முழுவதும் பயன்படுத்தலாமா?
— ஒரு வாசகி, வியாசர்பாடி

வேண்டாம். பூவும் இலையும் ஊறிய நீர் நம் ஊர் வெக்கையில் அரை நாளிலேயே நுரைத்துப் புளிக்கத் தொடங்கும். குளிர்சாதனப் பெட்டியில் மூடி வைத்தாலும் இரண்டு நாளுக்கு மேல் நம்பக்கூடாது. வாடை மாறினாலோ நூல் நூலாகத் திரண்டாலோ கொட்டிவிடுங்கள். ஓடுகிறவர்களுக்குத் தேயிலை டிகாஷனே வசதி: ஒரு பாத்திரத்தில் இரவே போட்டு மூடிவைத்தால் காலையில் வடிகட்டி ஊற்றலாம். காய்ச்சிய நீரைக் குளிர்பெட்டியின் ஐஸ் தட்டில் ஊற்றிக் கட்டியாக்கி, குளிக்கும் நாளில் நான்கைந்து கட்டிகளை வெந்நீரில் கரைத்துக்கொள்வது இன்னொரு வழி. நிழலில் உலர்த்திய பூப்பொடியும் பயன்படும், வழவழப்பு மட்டும் குறையும். ஈரக் கூந்தலை முடிந்துகொண்டு ரயிலேறும் பழக்கம் இருந்தால் தலைக்குக் குளிப்பதை மாலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நாள் முழுவதும் ஈரம் காயாத தலையில் பொடுகு எளிதில் பெருகும்.

எட்டு வயது மகளுக்குத் தலையில் ஒரு ரூபாய் அளவுக்கு வட்டமாக முடி போயிருக்கிறது. அந்த இடம் செதில் செதிலாக உரிந்து அரிக்கிறது. மாமியார் செம்பருத்தி இலை அரைத்துப் பத்துப் போடுகிறார்.
— ஒரு வாசகி, திருவொற்றியூர்

பத்துப் போடுவதை இன்றே நிறுத்திவிடச் சொல்லுங்கள். மாமியாரின் அக்கறையைக் குறை சொல்லாமல், மருத்துவர் பார்க்கும்வரை இடம் காய்ந்திருக்கட்டும் என்று சொன்னால் அவரும் ஒப்புக்கொள்வார். குழந்தைகளுக்குச் செதிலும் அரிப்புமாக வட்டமாக முடி போவது பெரும்பாலும் படர்தாமரைப் பூஞ்சை. ஈர விழுது அதற்கு உகந்த இடத்தை உண்டாக்கிக் கொடுக்கும். தலையில் வரும் படர்தாமரை மேலே தடவும் களிம்புக்கு அடங்காது. மாத்திரையோ மருந்து நீரோ சில வாரம் கொடுக்க வேண்டியிருக்கும். செதிலே இல்லாமல் மொழுமொழுவென்று வட்டமாகப் போனால் அது புழுவெட்டு, அதற்கு வைத்தியம் வேறு. எதுவென்று மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அதுவரை சீப்பு, துண்டு, தலையணை உறை ஆகியவற்றை அவளுக்குத் தனியாக வையுங்கள். வீட்டில் மற்ற குழந்தைகளின் தலையையும் வெளிச்சத்தில் பிரித்துப் பாருங்கள்.

செம்பருத்தி டீயைத் தலைக்கு ஊற்றுவதைவிடக் குடித்தால் முடி வளரும் என்கிறார்களே?
— ஒரு வாசகி, எண்ணூர்

குடிப்பதால் முடி வளரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. புளிப்பான அந்தக் கடைச் செம்பருத்தி டீக்கு இரத்த அழுத்தத்தைச் சிறிது குறைக்கும் தன்மை உண்டு. எனவே இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தினமும் குடிக்கக் கூடாது, கருவுற்றிருப்பவர்கள் குடிப்பதைத் தவிர்த்துவிட வேண்டும். மற்றவர்கள் தாகத்துக்கு ஒரு டம்ளர் குடிப்பதில் தவறில்லை. புளிப்பு பல்லில் தங்காமல் இருக்க, குடித்தபின் வாயைக் கொப்பளித்துக்கொள்ளுங்கள். தலைக்கு ஊற்றுவதற்கென்று நீர்த்துக் காய்ச்சியதையும் குடிப்பதற்கானதையும் ஒரே பாத்திரத்தில் வைக்காதீர்கள். நாட்டு மருந்துக் கடையில் வாங்கும்போது குடிப்பதற்கா, தலைக்கா என்று சொல்லி வாங்குங்கள், ஏனெனில் தலைக்கென்று விற்கும் பூப்பொடியில் சீயக்காயோ பூந்திக்கொட்டையோ கலந்திருப்பதும் உண்டு.